தலையெழுத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு

ஏப்ரல் 2, புதன்

காலையில் பால் திரிந்துவிட்டது. கறுப்புக் காப்பியோடு அலுவலகம்.

அகராதியின் புதிய பதிப்புக்கு எனக்கு ஒதுக்கிய சொற்கள் இன்று வந்தன. விதி, ஊழ், தலையெழுத்து, கொடுப்பினை, பிராப்தம். இந்த ஐந்துக்கும் மாணவர்கள் ஊர் ஊராகப் போய்ப் பதிவுசெய்து வந்த பேச்சு வழக்குச் சீட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றைப் படித்து, பொருள் பிரித்து, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம் தர வேண்டும்.

"வேற யாருக்காவது கொடுங்களேன் ஐயா" என்றேன்.

அருளானந்தம் ஐயா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். எங்கள் தலைமைப் பதிப்பாசிரியர். "ஏன்?"

"சும்மாதான்."

"சும்மாங்கற சொல்லையும் நீங்கதானம்மா செஞ்சீங்க? ஒன்பது பொருள் கண்டுபிடிச்சுக் கொடுத்தீங்க. இதையும் பாருங்க."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தேன். மாடிப்படி ஏறினால் இடது கால் இன்னும் வலிக்கிறது.

ஏப்ரல் 4, வெள்ளி

கொடுப்பினை நல்லதற்கு மட்டுமே வருகிறது. அதிலும் இல்லை என்று சொல்லத்தான் அதிகம் வருகிறது. 'பேரன் முகத்தைப் பாக்கக் கொடுப்பினை இல்ல.' நாற்பத்தோரு சீட்டில் முப்பத்தாறு இப்படி. பிராப்தமும் அதே குணம்தான், கொஞ்சம் மடிப்புக் கலையாத வேட்டி கட்டியிருக்கிறது.

தலையெழுத்து சலிப்புக்கும் வரும். 'இந்த பஸ்ல தொங்கிக்கிட்டுப் போகணும்னு என் தலையெழுத்து.' ஊழ் பேச்சில் இல்லவே இல்லை. பழைய நூல்களில் அதே வேர் பூ மலர்வதற்கும் பழம் முற்றுவதற்கும் வந்திருக்கிறது. தானாக முதிர்ந்து தானாக உதிர்வது. யார் கையும் படாமல்.

விதி, எல்லாம் முடிந்த பிறகு சொல்லும் சொல். நடப்பதற்கு முன்னால் யாரும் அதைச் சொல்லி ஒரு சீட்டும் இல்லை.

கத்திரிக்காய் வாங்கினேன். ஒருத்திக்கு நான்கு போதும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பத்து மணிக்கு அண்ணன் பேசினார். ஞாயிறு தவறியதே இல்லை. புதுக்கோட்டையில் வெயில் கொளுத்துகிறதாம். அண்ணிக்கு முட்டிவலி. பின்பக்கத்து மாமரம் இந்த வருஷம் ஏமாற்றிவிட்டது.

என்ன வேலை ஓடுகிறது என்று கேட்டார். சொன்னேன்.

"விதியா? அதுக்கு என்ன பொருள் எழுதப்போற? நம்ம அபிக்கு அவ்வளவுதான்னு இருந்திருக்கு. அந்த லாரிக்காரன் எமனா வந்தான். நீ என்ன பண்ணுவ திலகா? நீயும் காலை ஒடிச்சுக்கிட்டுத்தானே கெடந்த?"

"ஆமாண்ணா."

பதினான்கு வருஷத்தில் அண்ணன் ஒரு சுடுசொல் என்னைச் சொன்னதில்லை. 'நம்ம அபிக்கு அவ்வளவுதான்னு இருந்திருக்கு' என்பது நல்ல எடுத்துக்காட்டு. விதி என்ற சொல்லே வராமல் விதியைச் சொல்கிறது. சீட்டில் எழுதிக்கொண்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஐயா என் வரைவைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு குறை.

"சட்டம், ஒழுங்குமுறைங்கற பொருளை ஏன் கடைசிக்குத் தள்ளிட்டீங்க? சாலை விதி, இலக்கண விதி, தேர்தல் விதி. தினசரியில அதுதானே அதிகம்? அது முதல்ல வரட்டும்."

"சரிங்க ஐயா."

"இன்னொண்ணு. எடுத்துக்காட்டு ஏழுமே விபத்தா இருக்கு. ஒருத்தர் பரீட்சையில தோக்கலாம், கல்யாணம் நிக்கலாம். மனுசங்களுக்கு எத்தனையோ நடக்குதேம்மா."

எண்ணிப் பார்த்தேன். ஏழும் விபத்துதான். எழுதும்போது தெரியவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

தலையெழுத்துச் சீட்டுகளை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டாம் சீட்டு. துறையூர் வட்டாரம், ஆண், வயது ஐம்பத்தெட்டு, முன்னாள் லாரி ஓட்டுநர். பேசியவர் பெயர் பெரியண்ணன். மாணவி உருண்டை எழுத்தில் எழுதியிருந்தாள்.

'தலையெழுத்துன்னு நெனச்சுக்கிட்டுப் போயிட்டேன். ஆனா என்னோடத கடவுள் எழுதலீங்க. புதுக்கோட்டை ரோட்டுல தப்பு வழியில வண்டி ஓட்டிக்கிட்டு வந்த ஒரு பொம்பள எழுதுனது.'

மணி பன்னிரண்டரை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசையில் யாரோ டிபன் பாக்ஸ் திறந்தார்கள், எலுமிச்சைச் சோறு.

சீட்டு என் கைப்பையில் இருக்கிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

அலுவலகம் போனேன். வந்தேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. விடுமுறை. எதிர்வீட்டுத் தொலைக்காட்சியில் ராசிபலன் சத்தமாகக் கேட்டது. என் ராசிக்கு வருவதற்குள் சன்னலைச் சாத்தினேன். வேப்பம்பூ வாங்கி வைத்திருந்தும் பச்சடி வைக்கவில்லை. தயிர்சாதம். சமையலறை அலமாரிக் காகிதம் எல்லாம் மாற்றி, எறும்புப் பொடி தூவினேன். அப்புறமும் பொழுது மிச்சமிருந்தது.

ஏப்ரல் 16, புதன்

சீட்டை எடுத்துவிட்டால் போயிற்று என்று நினைத்திருக்கிறேன். எல்லாச் சீட்டும் கணினியில் ஏறியிருப்பது எனக்குத் தெரியாததா என்ன.

ஐயா உற்சாகமாக என் மேசைக்கே வந்துவிட்டார். "இருநூற்றுப் பன்னிரண்டு பாத்தீங்களா? என்ன வாக்கியம்மா அது! தலையெழுத்துங்கற சொல்லை அந்த மனுசன் அப்படியே பிரிச்சுக் கையில கொடுத்துட்டார். யாரு எழுதினதுன்னு கேக்கறார். இதுதான் நம்ம எடுத்துக்காட்டு."

"ஒரு ஆள் கதை மாதிரி இருக்கே ஐயா. பொதுவா இருந்தா…"

"ஊர்ப் பேரை எடுத்துடுவோம். அவர்கிட்ட ஒப்புதல் கையெழுத்து மட்டும் வாங்கணும். அந்த மாணவியை அனுப்பட்டுமா?"

"வேண்டாம்" என்றேன். "நான் போறேன்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்தப் பெண் போனால் அவர் இன்னும் விவரமாகச் சொல்லக்கூடும், அதைத் தடுக்கத்தான் என்று பஸ்ஸில் வரும்போது தோன்றியது. அது மட்டும்தானா என்றும் தோன்றியது.

ஏப்ரல் 19, சனி

துறையூர் போய்வந்தேன்.

ஊருக்கு வெளியே, வெங்காய வியாபாரி ஒருவரின் தகரக் கொட்டகை. பெண்கள் ஐந்தாறு பேர் வட்டமாக உட்கார்ந்து சின்ன வெங்காயத்தின் தாளை நறுக்கிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி, தனியாக ஒரு சாக்கின் மேல் அவர். தலை முழுக்க நரைத்திருந்தது. நீதிமன்றத்தில் பார்த்தபோது கறுப்பாக இருந்தது.

அகராதி அலுவலகத்திலிருந்து வருகிறேன் என்றேன். ஸ்டூல் ஒன்றைத் துடைத்துப் போட்டார். அவர் சொன்ன வாக்கியத்தைப் படித்துக் காட்ட வேண்டும் என்பது முறை. படித்தேன். என் குரல் நன்றாகத்தான் வந்தது.

"நாந்தான் சொன்னேன்" என்றார். "இத எங்க போடுவீங்க?"

"அகராதியில. தலையெழுத்துங்கற சொல்லுக்கு நேரா."

"எம் பேரு வருமா?"

"வராதுங்க."

"சரி." ஒரு வெங்காயத்தை எடுத்துத் தாளை நறுக்கினார். "உங்க பேரு வருமா?"

ஒப்புதல் தாளை எடுக்கக் கைப்பையைத் திறந்தேன்.

"நீங்க அங்க நடந்து வரும்போதே தெரிஞ்சுபோச்சும்மா. கோர்ட்டுல ஊன்றுகோலோட வந்தீங்க. எதிர்க்கூண்டுல நானு. ஆமாம்னு ஒரு வார்த்த சொன்னீங்க. அந்தக் கால இழுத்துக்கிட்டே படியெறங்குனீங்க. எனக்கு அப்பவே பாவமாத்தான் இருந்துச்சு."

பாவமாக இருந்ததாம்.

வெயில் தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் யாரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. அவரும் குரலை உயர்த்தவில்லை. ஒரு வருஷம் திருச்சிச் சிறையில் இருந்திருக்கிறார். வெளியே வந்த பிறகு யாரும் வண்டி கொடுக்கவில்லை.

"கோர்ட்டுக்கு எழுதித் தர்றேன்" என்றேன். "இப்பக்கூட எழுதித் தர்றேன். நான்தான் தப்பு வழியில வந்தேன்னு."

"கோர்ட்டு என்னைய மறந்து எவ்வளவோ நாளாச்சும்மா. ஜெயில்ல போன வருசத்த அவங்க திருப்பியா குடுக்கப்போறாங்க?" கத்தியைக் கீழே வைத்தார். "எம் பொண்ணு மலர்க்கொடி பெரம்பலூர்ல தையக் கட வச்சிருக்கு. நான் குடிச்சுட்டு ஓட்டுனேன்னு ஊரு பூரா பேசுச்சு. ஒரு பச்சப் புள்ளயக் கொன்னுட்டான்னு. அதுக்கு நிச்சயம் பண்ணுன கல்யாணம் நின்னுபோச்சு. அன்னைலேருந்து எங்கிட்டப் பேசறதில்ல. எம் பொஞ்சாதியும் பேசாமலேதான் செத்துச்சு. நான் சொன்னா யாரு நம்புவா? நீங்க ஒரு தடவ போய்ச் சொல்லுங்க. அது போதும்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். தன் தொலைபேசி எண்ணையும் கீழே எழுதினார். ஒரு கிலோ வெங்காயம் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன இருக்கிறது. வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

பத்து மணிக்குத் தொலைபேசி அடித்தது. எடுக்கவில்லை. பத்தரைக்கும் அடித்தது. குளித்துக்கொண்டிருந்தேன் என்று நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

ஏப்ரல் 23, புதன்

எழுதிப் பார்த்தால்தான் ஒரு சொல்லின் பொருள் பிடிபடும் என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வது என் வழக்கம்.

2011 மார்ச். அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் மகள் அபிநயாவுக்கு ஒன்பது வயது. நான்காம் வகுப்பு. ஓவியப் போட்டிக்கு நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று ஸ்கூட்டரை எடுத்தேன். வழியில் கலர் பென்சில் வாங்கியதில் நேரமாகிவிட்டது. போட்டி பத்து மணிக்கு. நெடுஞ்சாலையில் நடுத்தடுப்பைச் சுற்றிக்கொண்டு வர ஒன்றரைக் கிலோமீட்டர் போக வேண்டும். பள்ளிக்கூடம் கண்ணுக்குத் தெரிகிறது, இருநூறு அடி. நான் எதிர்த்திசையில் ஓரமாக ஓட்டினேன். பெட்ரோல் பங்க்கிலிருந்து திரும்பிய லாரி. அவர் பிரேக் பிடித்தார். சத்தம் கேட்டது. அதற்கு மேல் ஆஸ்பத்திரிக் கட்டில்தான்.

அண்ணன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுது முடித்த முகம். எஸ்.ஐ. கேட்டார், "உங்க பக்கமாத்தானேம்மா வந்தீங்க?" அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

அவ்வளவுதான் செய்தேன். ஒரு தலையாட்டல். அதற்குப் பிறகு நீதிமன்றத்தில் ஓர் 'ஆமாம்'.

அபிநயா எதுவும் சொல்லவில்லை. பின்னால் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

பெரம்பலூர் போவதற்கு முன்னால் புதுக்கோட்டை போக வேண்டும். முன்பின் தெரியாத பெண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் அண்ணனுக்குத் தெரியவரும் என்று ஆகக்கூடாது.

ஏப்ரல் 26, சனி

சொல்லிவிட்டேன்.

போனவுடன் அண்ணி மோர் கொடுத்தாள். "என்ன திலகா, போன வாரம் போனையே எடுக்கல? இவரு ரெண்டு நாளாப் புலம்பிக்கிட்டே இருந்தாரு." கூடத்தில் அபியின் படத்துக்கு அன்றைக்குத்தான் மாற்றியதுபோல மல்லிகைச் சரம். அண்ணன் பேப்பரை மடித்துவிட்டு நிமிர்ந்தார்.

எப்படி ஆரம்பித்தேன் என்று நினைவில்லை. நின்றுகொண்டேதான் சொன்னேன். சுற்றிக்கொண்டு போக நேரமில்லை என்று எதிர்த்திசையில் வந்ததையும், லாரிக்காரர் மேல் தப்பில்லை என்பதையும், போலீஸிடமும் நீதிமன்றத்திலும் பொய் சொன்னதையும். அந்த மனிதர் ஜெயிலுக்குப் போனதையும் சொன்னேன். அது அண்ணனுக்கே தெரியும். தீர்ப்பன்று கோயிலில் தேங்காய் உடைத்தவர் அவர்.

அண்ணி சமையலறை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் வெகுநேரம் தரையைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நீ வண்டியத் திருப்புனப்ப அவ ஏதாச்சும் சொன்னாளா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இந்த நோட்டில் மூன்று நாளைக்கு முன்னால்கூட அப்படித்தான் எழுதினேன்.

"சொன்னா. 'அத்தை, இது தப்பு வழி அத்தை. டீச்சர் சொல்லியிருக்காங்க'ன்னா."

"நீ என்ன சொன்ன?"

"'ஒரு நிமிஷம்தான்டா, ஒண்ணும் ஆகாது'ன்னேன்."

அண்ணன் எழுந்தார். சட்டையைப் போட்டுக்கொண்டார். பித்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. செருப்பு மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். வெயிலில் எங்கே போகிறார் என்று யாரும் கேட்கவில்லை.

கொஞ்சநேரம் கழித்து அண்ணி பேசினாள். முகத்தை என் பக்கம் திருப்பவே இல்லை. "விதி விதின்னு சொல்லிச் சொல்லித்தான் அவரு இத்தன நாள் சோறு தின்னாரு. இனிமே என்ன சொல்லிக்கிட்டுத் திம்பாரு? நீ கெளம்பு திலகா. அவரு வர்றதுக்குள்ள கெளம்பிடு."

கிளம்பினேன். பஸ் கீரனூர் தாண்டும்வரை மோர் டம்ளரைக் கழுவி வைக்காமல் வந்துவிட்டேனே என்று அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பைத்தியக்காரத்தனம்.

ஏப்ரல் 27, ஞாயிறு

பத்து மணி. பத்தரை. பதினொன்று.

ஏப்ரல் 30, புதன்

ஐயாவிடம் சீட்டையும் ஒப்புதல் தாளையும் கொடுத்தேன். அந்தப் பொம்பள நான்தான் என்றும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு, "இந்தப் பதிவை நான் முடிச்சுக்கட்டுமாம்மா?" என்று கேட்டார். கேட்டது இரக்கத்திலா வெறுப்பிலா தெரியவில்லை.

"நானே முடிக்கறேன் ஐயா. வாக்கியத்துல ஒரு எழுத்துகூட மாத்தாம."

மாலைக்குள் முடித்துவிட்டேன். கழிவறைக் குழாய் ஒழுகுகிறது. பிளம்பரிடம் சொல்ல வேண்டும்.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. அண்ணனைக் கூப்பிடலாமா என்று தொலைபேசியைக் கையில் எடுத்தேன். அவர் பேசாமல் இருப்பதற்காவது அவரை விட்டுவைக்க வேண்டும். வைத்துவிட்டேன். நாள் முழுக்க ஒரு மனித வார்த்தைகூடப் பேசவில்லை. சாயங்காலம் தண்ணீர் கேன் போட வந்தவரிடம் "இங்க வைங்க" என்றபோது குரல் கரகரத்தது.

மே 10, சனி

பெரம்பலூர். பஸ் நிலையத்திலிருந்து ஒரு கிலோமீட்டர். வெயிலுக்காகக் குடை எடுத்துப் போயிருந்தேன்.

சின்னக் கடை. ஒரு தையல் மெஷின், சுவரில் ஆணியடித்துத் தொங்கும் ரவிக்கைகள். மலர்க்கொடிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வாயில் குண்டூசி. ரவிக்கை தைக்க வந்தவள் என்று நினைத்து அளவு நாடாவை எடுத்துவிட்டாள்.

"தைக்க வரலம்மா. உங்கப்பாவைப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

குண்டூசியை எடுத்தாள். "செத்துட்டாரா?"

"இல்ல. இல்ல. நல்லா இருக்கார்."

"அப்ப என்ன?" மெஷினில் உட்கார்ந்து மிதிக்கத் தொடங்கினாள்.

அந்தச் சத்தத்துக்கு மேல் சொன்னேன். நான் யார் என்று சொன்னதும் சத்தம் நின்றது. புதுக்கோட்டையில் சொன்னதைவிட இங்கே சொற்கள் சரியாக வந்தன. இரண்டாம் தடவை என்பதால் இருக்கும்.

"குடிச்சிருந்தாரா?" என்று கேட்டாள்.

"இல்ல. அது ஊர் கட்டிவிட்ட பேச்சு. அவர் சரியான பக்கத்துலதான் வந்தார். என்னைப் பாத்ததும் பிரேக் புடிச்சார். நான்தான் வரக்கூடாத வழியில வந்தேன். அப்புறம் பொய் சொன்னேன்."

தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் வைத்து நீவினாள். திரும்பத் திரும்ப நீவினாள்.

"எங்கம்மா கடைசில மூணு மாசம் படுத்துக் கெடந்துச்சு. அவருதான் பக்கத்துல இருந்து கஞ்சி ஊத்துனாரு. அது வாயத் தொறந்து குடிக்கும், ஒரு வார்த்த பேசாது. 'நீயும் பேசாத'ன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிக்கிச்சு." என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க இத்தன வருசம் எங்க இருந்தீங்க?"

"திருச்சியில."

"திருச்சியிலயா?" அவளுக்கு நம்ப முடியவில்லை. "ஒரு மணி நேரந்தானே."

மன்னிப்புக் கேட்கும் சொற்களெல்லாம் எனக்குத் தெரியும். பொருள் வேறுபாடுகளோடு தெரியும். ஒன்றும் வாயில் வரவில்லை.

அவள் திட்டவில்லை, போகச் சொல்லவும் இல்லை. மெஷின் மேசையில் கிடந்த தொலைபேசியை எடுத்தாள். தேடினாள். கீழே வைத்தாள்.

"அவரு நம்பர் உங்ககிட்ட இருக்கா?"

கைப்பையில் ஒப்புதல் தாளின் நகல் இருந்தது. அவர் கையால் எழுதிய எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தேன். அவள் அழுத்தினாள். ஏழு என்றதை ஒன்று என்று அழுத்திவிட்டு, அழித்து, மறுபடி அழுத்தினாள்.

மணி போகும் சத்தம் எனக்கும் கேட்டது. பிறகு அவர் குரல். "யாருங்க?"

அவள் மடியிலிருந்த துணியை இரண்டாக மடித்தாள்.

"யாருங்க பேசறது?"

"நாந்தாம்ப்பா."

அந்தப் பக்கம் கொட்டகைப் பெண்கள் பேசிக்கொள்வது மட்டும் மெல்லக் கேட்டது. வைத்துவிட்டாரோ என்று பயந்தேன். அவளும் பயந்திருக்க வேண்டும். தொலைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"சாப்டியாப்பா?" என்றாள்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். இரண்டு கடை தாண்டிய பிறகுதான் குடையை உள்ளே நாற்காலியில் விட்டது தெரிந்தது. திரும்பிப் போனேன். சன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, "என்ன கொழம்பு?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுக்கவில்லை. பஸ் நிலையம்வரை வெயிலில் நடந்தேன்.